கிருமியும் கர்மமும்

(தாமலில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேசவேண்டுமென்று குறித்திருக்கும் விஷயம் “கிருமிகளைக் காண்பது எப்படி?” என்பதாகும். இதைக் கேள்விப்பட்ட தோழர் ஒருவர், “இது டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டிய பாடமாயிற்றே, ஏரித் தண்ணீரில் நெல் விளைவிக்கிறவனுக்கும், தறியில் உட்காருகிறவனுக்கும் இது எதற்கு?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயந்தான். ஆனால் இது முக்கியமாய் வேண்டியது நமக்குத்தான் என்பதைச் சொல்லவே நான் வந்திருக்கிறேன். நான் பண்டிதனுமல்ல, டாக்டருமல்ல. 30 வருஷ காலம் பரிசோதனைச்சாலையில் பிறருடைய சளியையும், இரத்தத்தையும் கண்ணாடியில் தடவிப் பார்த்து வயிறு வளர்த்தவன். ஆகையால் நான் கையால் செய்ததையும், கண்ணால் கண்டதையும், அதைப்பற்றிப் படித்ததையுமே சொல்லப் போகிறேன். அதையுங்கூட நான் சொல்லுகிறேன் என்பதற்காக நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

முதலில் என் குடும்பத்துச் சங்கதி ஒன்று சொல்லிவிடுகிறேன். 1960-களில், நான் சிறு பையனாயிருந்தபோது, என் சின்னம்மாவுக்கு இருமல் கண்டது. அப்போது அவளுக்கு 22 வயது. சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு நாளுக்கு நாள் இளைத்தது, பிறகு சளியில் இரத்தம் வந்தது. பெரியவர்கள் என்ன செய்தார்கள்? ஜாதகம் பார்த்தார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். “போன ஜன்மத்துப் பாவம், அனுபவித்துத்தான் தீரவேண்டும்” என்று தீர்ப்புச் சொன்னார்கள். புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒரு பாய், ஒரு தகரக் குவளை, இவ்வளவுதான் அவளுக்கு மிச்சம். அந்தக் குவளையில் தண்ணீர் ஊற்றும்போது, கை படாமல் உயரத் தூக்கி ஊற்றுவார்கள். சேரியிலிருந்து வந்தவர்களுக்கு ஊரார் எப்படி ஊற்றினார்களோ, அப்படியே சொந்த வீட்டுப் பெண்ணுக்கும் ஊற்றினார்கள். எட்டு மாதத்தில் அவள் இறந்து போனாள். அவளுடைய ஜாதகத்தைப் பார்த்தவர்கள் மூன்று பேர்; அவளுடைய சளியைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

தோழர்களே! அந்தச் சளியைப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும், அதை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இன்றையப் பேச்சு.

கிருமி என்று ஒன்று உண்டென்பதை உலகத்தில் முதன்முதல் கண்டவர் ரிஷியுமல்ல, ஞானதிருஷ்டி படைத்தவருமல்ல. ஹாலந்து தேசத்தில் டெல்ப்ட் என்கின்ற ஊரில் இருந்த லேவன்ஹூக் என்னும் ஜவுளி வியாபாரி. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் நமக்கு இது சுலபமாய் விளங்கும். நூல் நெருக்கமா, சன்னமா என்று பார்க்க ஜவுளிக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதுண்டு. அவர் தாமே கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து, அதற்குமுன் எவரும் பார்த்திராத அளவு பெரிதாகக் காட்டும் சிறு வில்லைகளைச் செய்தார். ஏரித் தண்ணீரைப் பார்த்தார். மழைத் தண்ணீரைப் பார்த்தார். தம்முடைய பல் அழுக்கையே சுரண்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் உயிருள்ள சிறு பிராணிகள் நீந்தின. தண்ணீரில் கண்டதை 1676-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அங்கிருந்த அறிஞர்கள் சட்டென்று நம்பிவிடவில்லை. ராபர்ட் ஹூக் என்பவரைக்கொண்டு தாங்களே பார்த்து, கண்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். “யார் சொன்னது?” என்று கேட்காமல் “எங்கே, காட்டு” என்று கேட்டார்களே, அதுதான் விஞ்ஞானத்தின் முதல் பாடம்.

கிருமி எவ்வளவு சிறியது என்கிறீர்களா? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். நம் குடலிலுள்ள சாதாரணக் கிருமி ஒன்றின் நீளம் சுமார் 2 மைக்ரான். அப்படியானால் ஒரு மில்லிமீட்டரில் 500 கிருமிகளை வரிசையாகப் படுக்க வைக்கலாம். இதைக் காண்பதற்கு மைக்ராஸ்கோப்பில் இரண்டு இடத்தில் வில்லைகள் இருக்கின்றன. கீழேயுள்ளது 100 மடங்கு பெருக்கும். கண்ணருகே உள்ளது அதை இன்னும் 10 மடங்கு பெருக்கும். ஆக 1000 மடங்கு. கீழ் வில்லைக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவோம். ஏனென்றால், தண்ணீர்க் குடத்தில் கழியை விட்டால் அது வளைந்தாற்போல் தோன்றுகிறதல்லவா? அதுபோல, கண்ணாடியை விட்டுக் காற்றுக்கு வரும் வெளிச்சம் வளைந்து சிதறிப் போகும். அந்த எண்ணெய் கண்ணாடியைப் போலவே வெளிச்சத்தை நடத்துவதால், வெளிச்சம் சிதறாமல் உள்ளே வரும்.

சரி, மைக்ராஸ்கோப் வந்துவிட்டது, கிருமி தெரிந்துவிடுமா? தெரியாது. ஏனென்றால் கிருமிக்குத் தண்ணீரைப்போல நிறமே இல்லை. வெள்ளை வேட்டியின் மேல் விழுந்த வெள்ளை நூலை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அதற்குச் சாயம் ஏற்றவேண்டும். அந்தச் சாயம் எங்கிருந்து வந்தது? அதுவும் ஜவுளித் தொழிலிலிருந்துதான். 1856-ல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியாவுக்குக் கொயினா செய்யப் போய்த் தவறுதலாக ஊதாச் சாயத்தைக் கண்டான். பிறகு ஜெர்மனியில் துணிச்சாயத் தொழிற்சாலைகள் வளர்ந்தன. 1876-ல் கேரோ என்பவர் துணிக்காகச் செய்த நீலச்சாயந்தான் மெத்திலீன் புளு. பட்டுக்கும் பருத்திக்கும் போட்ட சாயத்தை எடுத்துத்தான் கிருமிக்குப் போட்டார்கள்.

சாயப்பட்டறைக்காரருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரே தொட்டியில் பட்டையும் பருத்தியையும் முக்கினால் இரண்டும் ஒன்றுபோல் சாயம் பிடிக்காது. கிருமிகளும் அப்படியே. 1884-ல் பெர்லினில் இருந்த கிராம் என்ற டேனிஷ்காரர் ஒரு முறை கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகமெங்கும் அதைத்தான் செய்கிறோம். கண்ணாடிச் சில்லில் சளியையோ சீழையோ மெல்லியதாகத் தடவி, உலர்த்தி, அனலில் லேசாகக் காட்டினால் அது ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ஊதாச் சாயம் ஒரு நிமிஷம். கழுவிவிட்டு அயோடின் ஒரு நிமிஷம். சாயம் ஓடாதிருக்கப் படிகாரம் போடுவதுபோல, இந்த அயோடின் சாயத்தைக் கெட்டிப்படுத்தும். பிறகு சில விநாடிகள் சாராயத்தால் அலசவேண்டும். தடித்த சுவருள்ள கிருமிகள் ஊதாவை விடா; மெல்லிய சுவருள்ளவை விட்டுவிடும். விட்டவை கண்ணுக்குத் தெரிவதற்காகக் கடைசியில் ஒரு சிவப்புச் சாயம். ஆகவே சிரங்கு, சீழ் உண்டாக்கும் உருண்டைக் கிருமிகள் ஊதாவாகத் தெரியும்; டைபாய்டு, காலராக் கிருமிகள் சிவப்பாகத் தெரியும். எந்த மருந்துக்கு எது மசியும் என்பதற்கு இந்த நிறமே டாக்டருக்கு முதல் தடயம். இதை எழுதிய கிராம், தம் முறை குறைபாடுள்ளதென்றும், மற்றவர்கள் கையில் அது பயன்படலாமென்றும் தாமே எழுதினார். வேதம் எழுதினதாகச் சொல்லப்படுகிறவர் எவராவது, “நான் எழுதியதில் குறை இருக்கலாம், திருத்துங்கள்” என்று சொன்னதுண்டா?

இனிக் க்ஷயம் என்கின்ற காசநோய்க்கு வருகிறேன். இது பரம்பரைச் சாபம், பாவத்தின் பலன் என்று நம் நாட்டில் மாத்திரமல்ல, ஐரோப்பாவிலும் எண்ணியிருந்தார்கள். 1882 மார்ச் 24-ந் தேதி பெர்லினில் ராபர்ட் காக் என்ற டாக்டர், இது ஒரு கிருமியால் வருவதென்று அறிவித்தார். எப்படி அறிவித்தார்? மைக்ராஸ்கோப்புகளையும், 200-க்கு மேற்பட்ட மாதிரிகளையும் கூட்டத்துக்கே தூக்கிக்கொண்டு வந்தார். கேட்டவர்கள் எழுந்துபோய்த் தங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார்கள். அதே காக், 1890-ல், இந்நோய்க்கு மருந்தும் கண்டுவிட்டேன் என்றார். அவ்வளவு பெரியவர் சொன்னதாயிற்றே என்று உலகம் ஓடிற்று. ஆனால் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் குணமாகவில்லை. உடனே அவர் பேச்சைத் தள்ளிவிட்டார்கள். கிருமியைக் கண்டதை ஒப்புக்கொண்டதும் பரிசோதனையால். மருந்தைத் தள்ளியதும் பரிசோதனையால். பெரியவர் என்பதற்காக ஒன்றையும் கொள்ளவில்லை, ஒன்றையும் தள்ளவுமில்லை.

இந்தக் காசக்கிருமிக்கு மேலெல்லாம் மெழுகு பூசியதுபோல ஒரு போர்வை. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஒட்டாததுபோல, சாதாரணச் சாயம் இதில் ஒட்டாது. ஆகையால் சீல், நீல்சன் என்ற இருவர் பெயரால் வழங்கும் முறையில், கார்பாலிக் கலந்த சிவப்புச் சாயத்தைச் சளிமேல் ஊற்றிக் கீழிருந்து ஆவி பறக்கும்படி சூடு காட்டுவோம், கொதிக்கவிடக் கூடாது. சூட்டில் சாயம் உள்ளே போய்விடும். 5 நிமிஷம் கழித்துக் கழுவி, 25 சதவீத கந்தகத் திராவகத்தை அதன்மேல் ஊற்றுவோம். மற்றக் கிருமிகளும் சளியும் சிவப்பை இழந்து வெளுத்துப் போகும்; மெழுகு போர்த்த இது மாத்திரம் திராவகத்துக்கும் அசையாது. பின்பு மெத்திலீன் புளு அரை நிமிஷம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீல வயலில் சிவப்புக் குச்சிகள்! முதன்முதல் நான் அதைப் பார்த்தபோது என் சின்னம்மா ஞாபகந்தான் வந்தது. “போன ஜன்மம்” என்று மூன்று ஜோசியர்கள் கண்டது இந்தக் குச்சிதானா என்று நினைத்தேன்.

இதிலும் ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். ஒரு மில்லிலிட்டர் சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் அகப்படும். ஆகவே 100 இடம் மாற்றி மாற்றிப் பார்ப்போம். அப்படியும் அகப்படவில்லையென்றால் “காணவில்லை” என்றுதான் எழுதவேண்டுமேயொழிய, “இல்லவே இல்லை” என்று சொல்ல முடியாது. அப்போது என்ன செய்வது? விதையைக் கண்ணால் காணாவிட்டாலும், விதைத்து முளைக்கவிட்டுப் பார்க்கலாமல்லவா? அதற்குத்தான் கிருமி வளர்ப்பு.

தாய்மார்களே! இதை நீங்கள் தினமும் செய்கிறீர்கள். பாலில் உறைமோர் விடுகிறீர்களே, அதுதான் கிருமி வளர்ப்பு. குடல் கிருமி, தக்க உணவும் சூடும் கிடைத்தால், 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டாகும். ஒன்று 8 மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சமாகும். கணக்குத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள். ஆனால் நீர்ப் பண்டத்தில் வளர்த்தால் பல ஜாதிக் கிருமிகளும் கலந்துவிடும். எது நோய்க்குக் காரணம் என்று தெரியாது. கெட்டியான பண்டத்தின் மேல் வளர்த்தால் ஒவ்வொன்றும் விழுந்த இடத்திலேயே குடும்பம் பெருக்கித் தனிப் புள்ளியாகும். முதலில் காக் உருளைக்கிழங்குத் துண்டின்மேல் வளர்த்தார். பிறகு எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் பசையில் வளர்த்தார். ஆனால் அது உடம்புச் சூட்டிலேயே உருகிப் போயிற்று.

இதற்கு வழி சொன்னவர் ஒரு பெண்பிள்ளை. ஹெஸ்ஸே என்ற டாக்டரின் மனைவி பேனி ஹெஸ்ஸே. சமையலில் அவர் உபயோகித்த கடற்பாசிப் பண்டமான அகர் அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். அது கொதிக்கும் சூட்டில் உருகும். சுமார் 40 டிகிரிக்கு ஆறினால் கட்டிப்படும். கட்டிப்பட்ட பின் 37 டிகிரியில் உருகாது. காக் 1882-ல் அதை எடுத்துக்கொண்டார். அந்த அம்மாளின் பெயரை மாத்திரம் எழுதவில்லை! அடுப்பங்கரையில் அடைத்துவைத்த புத்தி உலகத்தையே காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதற்குப் பெயர் கொடுக்க ஆண்பிள்ளைக்கு மனம் வரவில்லை. நம் இராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம் பக்கத்தில், தண்ணீரில் முழுகி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கும் பெண்களின் உழைப்பிலிருந்தும் இந்த அகர் உண்டாகிறது.

1887-ல் பெட்ரி என்பவர் மூடியுள்ள கண்ணாடித் தட்டைச் செய்தார். அதில் அகரை ஊற்றி ஆறவைத்து, கம்பி வளையத்தால் ஒரு துளி எடுத்து, கோடு கோடாக இழுப்போம். ஒவ்வொரு தரமும் வளையத்தை நெருப்பில் செக்கச்சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, முன் கோட்டின் ஓரத்திலிருந்து புதுக் கோடு இழுப்போம். இப்படிக் கிருமிகள் வர வரக் குறைந்து, கடைசிக் கோட்டில் ஒன்றொன்றாய் விழும். மறுநாள் பார்த்தால் தனித்தனிப் புள்ளிகள். காசக்கிருமிக்கு இது போதாது. அதற்கு முட்டை கலந்த பச்சை நிறப் பண்டம் வேண்டும். அது ஒரு தரம் இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆவதால் 6 முதல் 8 வாரம் காத்திருக்கவேண்டும்.

இங்கே சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பரிசோதனைச்சாலையைப்போல் “ஆசாரம்” பார்க்கிற இடம் உலகத்தில் வேறில்லை. ஆனால் அந்த ஆசாரத்துக்குக் காரணம் உண்டு. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை நான் கழுவாத விரலால் ஒரு தட்டைத் தொடச் சொல்லுவேன். சோப்புப் போட்டுக் கழுவியபின் இன்னொரு தட்டைத் தொடச் சொல்லுவேன். மறுநாள் கழுவாத விரல் தட்டில் எல்லாருக்கும் புள்ளிகள் நெருங்கி முளைத்திருக்கும். எது எந்த ஜாதிப் பிள்ளையின் விரல் என்று தட்டைப் பார்த்து இன்றுவரை எவரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றாய்க் கழுவினவனுக்குக் குறைந்திருக்கும், கழுவாதவனுக்குக் குறையாது, அவ்வளவுதான். அழுக்குச் சோப்பால் போகும். கிருமி நெருப்பால் போகும். தீட்டு என்பது எதனாலும் போகாது. ஏன்? அது கையில் இல்லை; சொல்லுகிறவன் மூளையில் இருக்கிறது.

இந்தப் பரிசோதனைகளால் நம் ஏழைகளுக்கு என்ன பிரயோஜனம் என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு சாட்சி உண்டு. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், சென்னை சர்க்காரும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து நடத்தின. அக்காலத்தில், காசநோய்க்காரரைக் குடும்பத்திலிருந்து பிரித்து, ஆரோக்கியசாலையில் நல்ல காற்றும் ஆகாரமும் ஓய்வும் கொடுத்தால்தான் பிழைப்பார் என்று பெரிய டாக்டர்களே சொல்லிவந்தார்கள். ஏழைக்கு அது எப்படிக் கிடைக்கும்? 193 நோயாளிகளைச் சீட்டுப் போடுவதுபோல் இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தை ஆரோக்கியசாலைக்கு அனுப்பினார்கள். இன்னொரு கூட்டத்தை நெருக்கமான தங்கள் வீட்டிலேயே வைத்து, அதே மாத்திரைகளை ஒரு வருஷம் கொடுத்தார்கள். யாருக்குக் குணமாயிற்று என்று எப்படித் தீர்மானித்தார்கள்? எக்ஸ்ரேயோடு, மாதாமாதம் சளியைச் சாயமேற்றிப் பார்த்து, வளர்த்துப் பார்த்துத்தான். 1959-ல் வெளியான முடிவு என்ன? குடிசையிலிருந்தவருக்கும் ஆரோக்கியசாலையிலிருந்தவருக்கும் குணத்தில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் அதிக ஆபத்து வரவில்லை. உலகமே இதைக் கண்டு தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது.

தோழர்களே! என் சின்னம்மா கொட்டகையில் கிடந்தது இதற்குப் பிறகு! ஒரே நாளில் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில், “இவர்களை ஒதுக்கவேண்டியதில்லை, மாத்திரை கொடுங்கள்” என்ற உண்மை இருந்தது. எங்கள் வீட்டுக்கு அது வரவில்லை. கர்மம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

குஷ்டம் என்று சொல்லிவந்த தொழுநோயின் கதையும் இதுவே. நார்வே தேசத்து ஹான்சன் 1873-ல் அதன் கிருமியைக் கண்டார். அதுவும் மெழுகு போர்த்த, சிவப்புச் சாயம் விடாத குச்சிதான். ஆனால் இன்றுவரை எந்தத் தட்டிலும் எவராலும் அதை வளர்க்க முடியவில்லை. சுண்டெலியின் பாதத்திலும், அர்மடில்லோ என்ற பிராணியிலுந்தான் வளர்க்கிறார்கள். விஞ்ஞானம் இதை மூடி மறைக்கவில்லை. முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. அப்படியிருந்தும் மருந்து கண்டார்கள். 1982 முதல் கூட்டு மருந்து கொடுத்து, 6 மாதத்திலோ ஒரு வருஷத்திலோ குணப்படுத்துகிறார்கள். பக்கத்தில் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இதற்கென்றே மத்திய சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இருக்கிறது. ஆனால் மனிதர் மனம் மாத்திரம் மெதுவாய் மாறுகிறது. நோயாளிகளைப் பிடித்து அடைக்கும் 1898-ம் வருஷத்துச் சட்டம் 2016-ல்தான் ரத்தாயிற்று. இந்த நோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019-ல்தான் எடுக்கப்பட்டது. கிருமி 6 மாதத்தில் சாகிறது. தீட்டு நூறு வருஷமானாலும் சாகமாட்டேனென்கிறது.

“கிருமி உடம்பில் நுழைந்தவர்களுக்கெல்லாம் நோய் வருவதில்லையே, வருகிறவனுக்கு மாத்திரம் வருவது கர்மந்தானே?” என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. காசக்கிருமி உள்ளே போனவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் ஆயுளில் நோயாக மாறுகிறது. யாருக்கு? போதிய ஆகாரமில்லாதவருக்கு, நெருக்கமான காற்றில்லாத அறையில் இருப்பவருக்கு, நீரிழிவுக்காரருக்கு, புகையும் குடியும் உள்ளவருக்கு அதிகம். இதில் போன ஜன்மம் எங்கே வந்தது? இந்த ஜன்மத்தில் சோறும் ஜன்னலும் இல்லாததல்லவா காரணம்? கர்மம் என்று சொல்லிவிட்டால் சோறு கேட்கவேண்டியதில்லை, ஜன்னல் கேட்கவேண்டியதில்லை. அதனால்தான் அந்தப் பதில் சிலருக்குச் சௌகரியமாயிருக்கிறது.

ஆகவே நான் உங்களைக் கேட்டுக்கொள்வதெல்லாம் இவ்வளவுதான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், ஒளிக்காதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ச் சளியைக் கொடுங்கள். இதற்குக் காசு வாங்குவதில்லை. இப்போது மைக்ராஸ்கோப்போடு, சில மணி நேரத்தில் கிருமியையும், முக்கியமான ஒரு மருந்துக்கு அது மசியுமா என்பதையும் சொல்லும் யந்திரங்களும் வந்திருக்கின்றன. எச்சில் அல்ல, காலையில் எழுந்ததும் ஆழ மூச்சிழுத்து இருமி வரும் சளி வேண்டும். கிருமி இருந்தால் மாத்திரையும் இலவசம். சாதாரணமாய் 6 மாதம், நடுவில் நிறுத்தாமல் சாப்பிடவேண்டும். தொடக்கத்தில் இருமும்போது வாயை மூடிக்கொள்ளட்டும். வீட்டு ஜன்னலைத் திறந்துவையுங்கள். குவளையைத் தனியாக்க வேண்டாம். இது குவளையால் பரவுவதில்லை, காற்றால் பரவுகிறது. என் வீட்டார் பயந்து ஒதுக்கிய அந்தத் தகரக் குவளையில் நோய் இருக்கவேயில்லை.

நான் சொன்னவைகளை நம்பிவிடாதீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே! உங்கள் ஆசிரியரிடம் மைக்ராஸ்கோப்பைக் கேளுங்கள். தாமல் ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள். பார்க்காமல் மாத்திரம் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.